வலப்பக்கத்து நட்சத்திரம்

18 பெப்ரவரி 2025, செவ்வாய்

கிணற்று மோட்டர் மறுபடி பழுது. சிமியோன் வாளியும் கயிறுமாக நிற்கிறார். ஓய்வுபெற்ற தபாலதிபர், என் கணவர். எதற்கும் அவசரப்படாத மனிதர். அந்த நேரம் பார்த்து எனக்குப் படிப்பித்த கேதீஸ்வரன் சேரின் மின்னஞ்சல். சிலியில் உள்ள பெரிய தொலைகாட்டியில் மூன்று இரவு கிடைத்திருக்கிறதாம். அங்கே இரவு என்றால் இங்கே விடிந்து வெயில் ஏறும் நேரம். சேர் கனடாவில் இருந்து இயக்குவார். நான் பல்கலைக்கழகத்தில் என் அறையில் இருந்தே கணினியில் பார்க்கலாம்.

எட்டு வருடம். தெற்குக் கார்த்திகை என்ற இளம் நட்சத்திரக் கொத்தின் பழைய படங்களைச் சலித்துச் சலித்து நான் போட்ட சிறு பட்டியலில் முதல் ஆள் ஒரு மங்கல் புள்ளி. அது நட்சத்திரமா, நட்சத்திரமாக முடியாமல் போன கபிலக் குள்ளனா? நட்சத்திரம் என்றால் தன்னிடம் இருந்த இலிதியம் என்ற மூலகத்தை இதற்குள் எரித்து முடித்திருக்கும். குள்ளனுக்கு அவ்வளவு சூடு இல்லை, இலிதியம் அப்படியே கிடக்கும். ஒளியைப் பிரித்த நிறமாலையில் இலிதியத்தின் கோடு தெரிந்தால் போதும். ஐம்பத்தொரு வயதில் என் பேரில் ஒன்று இருக்கும். இல்லையென்றால் சாகும்வரை பரீட்சைத்தாள் திருத்துவதுதான்.

24 பெப்ரவரி, திங்கள்

விடியவே போய்விட்டேன். சுபாஜினி கரவெட்டியில் இருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். என்னிடம் படித்தவள், இப்போது எங்கள் துறையிலேயே விரிவுரையாளர்.

திரையில் நடுவே ஒரு வெளிச்சமான நட்சத்திரம். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மங்கல் புள்ளி. என் பழைய படத்தில் என் ஆள் வலப்பக்கம், ஆனால் இங்கே இடப்பக்கத்துப் புள்ளிதான் அவனைப்போல மங்கலாகத் தெரிந்தது. கணினி வழியே சேர் சொன்னார்: "வலப்பக்கம், பிள்ளை. தொடங்குவம்." கேட்க வாய் எடுத்தேன். அந்தக் கருவியோடு இருபது வருடம் பழகிய மனிதருக்குத் தெரியாததா?

"ஓம் சேர்" என்றேன்.

25 பெப்ரவரி

கோடு இல்லை. முகில் இல்லை, கருவியில் ஒரு குறையும் இல்லை, இலிதியமும் இல்லை.

26 பெப்ரவரி, புதன்

சிவராத்திரி விடுமுறை. சுபாஜினி விரதத்தோடு வந்து பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்காமல் இருந்தாள். வெளியே பாண் விற்கும் வண்டி அதே பாட்டைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் போனது. இன்றும் ஒன்றுமில்லை.

"உது சும்மா ஒரு நட்சத்திரம், பிள்ளை. கொத்துக்கு முன்னாலை வழியிலை நிண்டிருக்கு. விட்டிடு" என்றார் சேர்.

ஓம் சேர்.

வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். அழுவது வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறக்கலாம் என்றால், மோட்டர் இன்னும் திருத்தவில்லை.

9 மார்ச், ஞாயிறு

ஆராதனையில் போதகர் என்ன சொன்னார் என்று தெரியாது. அந்த இரண்டு புள்ளிகளும்தான் கண்ணுக்குள் நின்றன. வீட்டுக்கு வந்ததும் தொலைகாட்டியின் கமராப் படத்தை என் பழைய படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. இடம் வலமாகத் திருப்பி வைத்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது.

அந்தக் கருவியில் கமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது. படம் இடம் வலம் மாறித்தான் வரும். சேர் அதை மறந்துவிட்டார். மூன்று நாளும் பக்கத்துக்காரனைப் பார்த்திருக்கிறோம். என்ரை ஆளை ஒருக்காலும் பாக்கேல்லை. ஐயோ கடவுளே, ஒருக்காலும் பாக்கேல்லை.

10 மார்ச்

சுபாஜினியிடம் சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"முதல் நாளே எனக்குச் சந்தேகம்தான் மிஸ். உங்கடை பழைய படத்தை ஃபோனிலை வச்சுப் பாத்தனான். மாறித்தான் கிடந்தது."

"பிறகேன் வாய் திறக்கேல்லை?"

"நீங்களே ஓம் எண்டிட்டீங்கள். நான் என்னெண்டு மிஸ்..."

வாயில் வந்தபடி ஏசினேன். உனக்கு வாய் சோறு தின்ன மட்டுமோ எண்டும் கேட்டிட்டன். முப்பத்திரண்டு வயது, ஒரு பிள்ளைக்குத் தாய். அழுதுகொண்டு போனாள்.

இரவு சாப்பாட்டில் சிமியோனிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் மீன் முள்ளை ஆறுதலாக எடுத்துக்கொண்டே கேட்டார்: "நீயும் கண்டனீதானே?"

"கண்டன்."

"அப்ப ஏன் அந்தாளுக்குச் சொல்லேல்லை? எனக்கெண்டால் நாளுக்குப் பத்துத்தரம் பிழை பிழை எண்டுறாய்."

சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டேன். மனுசன் சொன்னது சரி. அதுதான் எரியுது. முப்பது வருசமா அந்தாளுக்கு ஓம் சேர், ஓம் சேர். அதைப் பாத்துக்கொண்டு என்னட்டைப் படிச்சவள் வேறை என்னத்தைப் படிச்சிருப்பாள்?

11 மார்ச்

இரண்டு படங்களையும் அனுப்பிவிட்டுச் சேருக்குக் கோல் எடுத்தேன். "சேர், நாங்கள் பாத்தது பிழையான நட்சத்திரம்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே, மிரியம்" என்றார்.

அப்பவே! பிழை விட்டது அவர், குற்றவாளி நான். நல்ல நியாயம்.

14 மார்ச்

தொலைகாட்டியில் இந்த வருடம் இனி நேரம் கிடைக்காதாம்.

21 ஓகஸ்ட், வியாழன்

நல்லூர்க் கோயில் தேர்த் திருவிழா. பல்கலைக்கழகம் வெறிச்சோடிக் கிடந்தது. அந்த அமைதியில் புதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வாசித்தேன்: வேறு ஒரு நாட்டுக் குழு என் ஆளைப் பார்த்துவிட்டது. இலிதியக் கோடு பளிச்சென்று இருக்கிறது. கபிலக் குள்ளன்தான். நான் சொன்னது சரி, அதை நான் சொன்னதாக உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவர்களில் பிழை இல்லை. சரியான பக்கம் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சேர் எழுதியிருக்கிறார்: "நல்ல முடிவு. நாங்களும் கிட்ட வந்தனாங்கள்." கிட்டவாம்! விசர்க்கதை.

பின்னேரம் சுபாஜினி திருநீற்றோடு வந்தாள். மார்ச்சுக்குப் பிறகு தேவைக்கு மட்டும் கதைக்கிறவள். அவளும் வாசித்துவிட்டாள். "அது எங்கடை ஆள் மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோயிலில் பொங்கிய புக்கையை மேசையில் வைத்தாள்.

"அண்டைக்கு நான் ஏசினது பிழை" என்றேன். அவள் புக்கைக்குப் பக்கத்தில் ஒரு கரண்டியை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த விண்ணப்பம் என் பேரில் போகும். சேரிடம் கேட்கப் போவதில்லை.

19 பெப்ரவரி 2026, வியாழன்

அதே தொலைகாட்டியில் மூன்று மணித்தியாலம்தான் தந்தார்கள். ஆனால் என் பேரில். பட்டியலில் அடுத்த ஆள், முதலாவதைவிட மங்கல். பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை.

திரையைப் பார்த்து, "இடப்பக்கம். தொடங்குவம்" என்றேன்.

"பொறுங்கோ மிஸ்" என்றாள் சுபாஜினி. "எனக்கு வலப்பக்கம் போலை கிடக்கு."

சுருக்கென்றது. எனக்கே சொல்லுறியோ என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். படத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தோம், பிறகு முதலில் இருந்து மறுபடி பார்த்தோம். அவ்வளவு நேரமும் அந்தப் பெரிய தொலைகாட்டி எங்களுக்காகச் சும்மா நின்றது. கடைசியில் இடப்பக்கம்தான் சரி.

அவளுக்கு முகம் கறுத்துப் போனது. "சொறி மிஸ். நேரத்தை வீணாக்கிப் போட்டன்."

போன நேரம் போனதுதான்.

"பட்டியலிலை அடுத்த ஆளுக்கும் இப்பிடிக் கேள்" என்றேன். குரல் அவ்வளவு இனிமையாக வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.