கிணற்றடிவரை ஒரு வாய்ப்பாடு

திருகோணமலை,
12.07.1965

அன்பு மகள் இரத்தினேஸ்வரிக்கு,

கோணேசர் துணையால் அம்மாவும் நானும் நோய்நொடியின்றி இருக்கிறோம், நீயும் அவ்வாறே இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு நம்பிக்கை வரும். உன் கடைசிக் கடிதம் வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை இந்தக் கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில் போட முடியாது, அம்மா அதை அலுமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

நீ அங்கே சீமையில் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறபடியால் ஒரு விஷயத்தை விளக்கமாக எழுதி உன் அபிப்பிராயம் கேட்க விரும்புகிறேன். மார்கழிப் புயலுக்குப் பிறகு அந்தக் கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேறு எவரும் சம்மதியாததால்தான் வாத்தியார் வேலையிலிருந்து இளைப்பாறிய என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். பழைய கட்டிடம் போய்விட்டது, இப்போதிருப்பது பலகைச் சுவரும் தகரக் கூரையும் ஒரேயொரு கதவும் உள்ள கொட்டகை. நாலாம் வகுப்பில் பூரணி என்றொரு பிள்ளை, ஒன்பது வயது, தகப்பன் புயலில் போனவர். பாடம் நடக்கும்போதே எழுந்துபோய்க் கதவைச் சாத்தி அதில் முதுகை வைத்து நின்றுவிடுவாள், எவரையும் வெளியே விடமாட்டாள். தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போகப் பார்த்த கதிரவேலின் மணிக்கட்டைக் கடித்தும் விட்டாள். பேய் பிடித்த பிள்ளையை நிறுத்தவேண்டும் என்று அவனுடைய தகப்பனும் வேறு சிலரும் பெட்டிசம் கொடுத்தார்கள், அதை விசாரிக்கப் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வித்தியாதரிசி ஆனந்தராசா வருவதாக அறிவித்தல் வந்தது. பெயரை வெட்டினால் மூதூரில் ஒரு வீட்டில் வேலைக்கு விடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று தாய் கோணேஸ்வரி சொல்லிவிட்டாள்.

பிள்ளை காற்றுக்குப் பயப்படுகிறது என்றுதான் நான் நினைத்தேன். வேறு எவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். பலகை நீக்கல்களில் துணி அடைத்தேன், தகரம் ஆடாமல் மேலே மணல்மூட்டை வைப்பித்தேன், வகுப்பிலும் மூச்சுச் சத்தம் கேளாதபடி அடக்கி வைத்தேன், அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். அவள் இன்னும் மோசமானாள். உங்கள் ஆஸ்பத்திரியில் செய்வதாக நீ முன்பு எழுதியபடி மனதில் உள்ளதைக் கீறச் சொல்லித் தாளும் கொடுத்துப் பார்த்தேன். இருபத்தாறு பிள்ளைகளும் தாமரைப்பூக் கீறினார்கள், சித்திரப் பாடத்தில் நான் பழக்கியது அதைத்தான். பூரணியின் தாமரைதான் எல்லாவற்றிலும் வடிவு.

பிறகு ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன். அவள் கதவடிக்குப் போகும் நேரம், அப்போது நடந்த பாடம், காற்றின் நிலை. பதினேழு நாளில் இருபத்தொரு தடவை, அதில் ஒன்றுகூடக் காற்று வீசும்போது இல்லை! பெரும்பாலும் மதியம், கச்சான் விழுந்து கடற்காற்று எழும்புவதற்கு இடையில் வேப்பிலையும் அசையாத அந்தக் கொஞ்ச நேரத்தில். மற்றவை நான் பிரம்பால் மேசையில் தட்டி வகுப்பை அடக்கிய உடனே. நான்தான் பிழையாகக் குறித்தேனோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன், பிறகு தயங்கித் தயங்கித் தாயிடம் போய்ப் புயலன்று என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தியை வைத்துவிட்டு, காத்து ஒருக்கா அப்பிடியே நிண்டு போச்சு மாஸ்டர், புயல் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சம், தோணியை ஒருக்காப் பாத்திட்டு வாறன் எண்டு இவர் வெளிக்கிட்டார், கதவு ஊறி இறுகிக் கிடந்தது, பூரணிதான் கொண்டியை இழுத்துத் திறந்து விட்டவள், பிறகு மற்றப் பக்கத்தாலை காத்து வந்துது என்றாள். நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது உன் அம்மா, முப்பத்தாறு வருசம் பிள்ளையளின்ரை வாயை மூடப் பண்ணினீங்கள், இனியாவது திறக்க விடுங்கோவன் என்றார். பகிடியாகத்தான் சொன்னார், எனக்கு அது பிடித்துக்கொண்டது. அடுத்த நாள் ஓர் ஒழுங்கு வைத்தேன். கச்சான் விழும் நேரத்தில் எல்லாரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்வது, வெளியே போகிற பிள்ளை போய்த் திரும்பும்வரை உரத்துச் சொல்லிக்கொண்டே போவது. முதலில் கதிரவேல்தான் போனான். பூரணி கதவை ஒரு சாண் திறந்து காதை வைத்துக்கொண்டு நின்றாள். நாலேழு இருபத்தெட்டுக்குக் கிணற்றடி, பத்தேழு எழுபதுக்குத் திரும்ப வாசல். கதவு முழுக்கத் திறந்தது.

வித்தியாதரிசி வந்தது சரியாக அந்த நேரத்தில். என்ன மாஸ்டர், இது பள்ளிக்கூடமோ மீன் சந்தையோ என்றார். நான் கொப்பியை நீட்டினேன். அவர் கதிரையில் இருந்து அதை வாசித்துவிட்டுக் கிணற்றைப் பார்க்க எழுந்தார். பூரணி கதவைச் சாத்தி அதில் முதுகை வைத்தபடி, எத்தினையாம் வாய்ப்பாடு சேர் என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், ஏழாம் வாய்ப்பாடு சொன்னால் விடுவாள் சேர் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். மனிதர் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார். கேக்கேல்லை சேர் என்று இவள் கூப்பிட்டாள், அவர் குரலை உயர்த்தினார். எட்டேழில் குரல் நின்றுவிட்டது. பூரணியின் முகத்தை நான் பார்த்தேன், அதை எழுத என்னால் முடியாது. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஐம்பத்தாறு என்று கத்தியது, கிணற்றடியிலிருந்து ஒன்பதேழு அறுபத்துமூன்று என்று பதில் வந்தது. திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை தொடர்ந்து படிக்கலாம், கிணற்றுக்கு ஒரு கப்பி தேவை என்று பள்ளிக்கூடச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வைத்தார். கதிரவேலின் தகப்பன் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அவள் குணமாகிவிட்டாள் என்று நான் எழுதமாட்டேன். மற்றவர்களைப் போக விடுகிறாள், தான் மட்டும் பள்ளிக்கூடம் விடும்வரை வாசலைத் தாண்டுவதில்லை. உங்கள் ஆஸ்பத்திரி டொக்டரிடம் இரண்டு கேள்வி கேட்டு எழுது. நடந்த ஆபத்தை விட அதற்குச் சற்று முன்னிருந்த அமைதிக்குப் பிள்ளைகள் பயப்படுவது அங்கேயும் உண்டா? இந்த வாய்ப்பாட்டை என்றைக்கு, எப்படி நிறுத்துவது? ஒரு பயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பழக்கத்தைக் கட்டிவிட்டேனோ என்று யோசனையாக இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நான் பஸ்ஸுக்கு வெளிக்கிடும்போது பூரணி பின்னால் வந்து, எல்லாரையும் சொல்லச் சொல்லிப்போட்டு நீங்கள் மட்டும் ஏன் மாஸ்டர் சொல்லாமல் போறியள் என்று கேட்டாள். ஆகையால் நானும் இப்போது சந்திவரை உரத்துச் சொல்லிக்கொண்டு போகிறேன். வலை பின்னுகிறவர்கள், மாஸ்டருக்குப் பாவம் மூளை கலங்கிப்போச்சு என்று கதைக்கிறார்களாம். எனக்கு வெட்கம்தான், ஆனாலும் நிறுத்தத் துணிவில்லை.

மகள், அம்மா வேண்டாம் என்று அழுதபோது உன் பாஸ்போட் பத்திரத்தில் கையெழுத்து வைத்து அனுப்பியவன் நான். சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் இருபத்திரண்டு நாளாகப் பின்னேரம் தபாற்காரன் வரும் நேரத்தில் வாசற் படலையடியில் நிற்கிறேன். வேலை கூடினால் நீளமாக எழுதவேண்டாம், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் ஏழாம் வாய்ப்பாட்டையாவது எழுதி அனுப்பு. குளிரில் காதை மூடிக்கொள், பசி கிடக்காதே. எல்லா நன்மையும் பெற்று நீடூழி வாழ இருவரும் ஆசீர்வதிக்கிறோம்.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அப்பா,
க. இராசநாயகம்