ரெண்டு கிலோ அழுத்தம்

12 ஜூலை 2009, ஞாயிறு

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். என் அக்கா மகள் இசைவாணி எங்கள் ஃபேக்டரிப் புகைக்கே வைத்தியம் பார்க்க வருவாள் என்று, அவள் ரெண்டாவது படிக்கும்போதே சொன்னேன். அக்கா சிரித்தாள். இப்போது? அண்ணாமலை நகரில் ஆராய்ச்சி. உள்ளங்கை அகலத் தாள். அதன் பொடி ஓட்டைகளில் ஓர் உப்பு, சூடு பண்ணாமலே தண்ணீர் மாதிரி நிற்கிறது. கரியமில வாயு மட்டும் அதில் கரைந்து அந்தப் பக்கம் போகும். மற்றதெல்லாம் இந்தப் பக்கமே. எட்டாவதோடு நின்ற எனக்கே புரிந்துவிட்டது.

20 ஜூலை

கடலூரில் எங்கள் பாய்லர் புகையில் அதைச் சோதிக்க அனுமதி வாங்கியது நான்தான். தாளை எஃகுக் கூட்டில் பூட்டி என்னிடம் கொடுத்தாள். "ரெண்டு கிலோ அழுத்தத்துக்கு மேல வேணாம் மாமா. லேப்ல மூணு வரைக்கும்தான் தாங்கிச்சு."

இன்ஜினியர் ரஃபியுதீன் சார் எத்தனை தாங்கும் என்றார். ரெண்டு என்று சொல்ல வாய் வரவில்லை. "நாலு சார், அசால்ட்டா."

"அப்ப வழக்கம்போல அழுத்தத்த ஒன்னரை மடங்கு ஏத்திப் பாத்துட்டு மாட்டிக்கலாம்."

பாய்லர் பக்கம் புதிதாக எது வந்தாலும் அப்படித்தான்.

3 ஆகஸ்ட்

இசைவாணி சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் சார் ஏற்றிப் பார்த்துவிட்டு மீட்டிங் போய்விட்டார். அவள் வந்து கூட்டைத் திறந்தாள். உப்பு ஓட்டைகளை விட்டு வெளியே வழிந்து கிடந்தது.

"எவ்ளோ குடுத்தாங்க மாமா?"

ரெண்டுதான். மீட்டர் முள்ளை என் கண்ணால் பார்த்தேன். அப்படியே சொன்னேன்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான்தான் சரியா ஊற வைக்கல போல."

4 ஆகஸ்ட்

அக்கா போன். "அவ சாப்பிடலடா."

15 நவம்பர்

இசைவாணியின் பேராசிரியர் வேறு தலைப்பு எடுக்கச் சொல்லிவிட்டாராம். மூன்று வருஷ வேலை.

ரஃபியுதீன் சார் மஸ்கட் போகிறார். பரங்கிப்பேட்டை வீட்டில் பிரியாணி. இனி அந்த நாளைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் இல்லை — அதில் எனக்கு ஏன் நிம்மதி?

9 மார்ச் 2011

அண்ணாமலை நகரில் கருத்தரங்கு. இசைவாணி என்னை முன் வரிசையில் உட்கார வைத்தாள். இந்த ஆராய்ச்சியே என் பாய்லரில் தொடங்கியது என்று பக்கத்து ஆளிடம் ஆரம்பித்தேன். அதற்குள் அவள் மேடையில் சொன்னாள்: "ஆய்வகத்தில் தாங்கியது. ஆலையில் இரண்டு கிலோவுக்கே தாங்கவில்லை. அதனால் இந்த முறையைக் கைவிட்டேன்."

பிள்ளைகள் எல்லாரும் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள். எழுந்து நின்றேன். தண்ணீர் வேண்டுமா என்று ஒருவர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

வெளியே வந்து கேட்டாள்: "நல்லா பேசுனனா மாமா?"

"பிரமாதம்மா."

ரெண்டு என்பது நான் சொன்னது. முள் ஆறில் நின்றது.