கறுப்பு மணல் வீடுகள்

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். சின்னக்குட்டிக்கு இருமல் விட்டுவிட்டது. எனக்குத்தான் வயிறு எரிகிறது. தொழிலாளர் குடியிருப்பைக் கட்டி முடித்தோம்; ஒரு குடும்பம்கூடக் குடிவர மாட்டேன் என்கிறது. எல்லாரும் உங்கள் தெருப்பக்கத்துக் கொட்டகை ஆட்கள். கான்கிரீட்டில் மணலோடு, செம்பு ஆலையில் உருக்கியபின் மிஞ்சும் கறுப்புக் கசடும் கலந்தோம் அல்லவா, அது விஷமாம். சுவர் உதிர்ந்து பிள்ளைகள் தலையில் விழுமாம். தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்தோம்; விஷம் எதுவும் கசியவில்லை. கட்டிகளாக வார்த்து நசுக்கிப் பார்த்தோம். ஆற்று மணல் மட்டும் போட்ட கட்டியைவிடக் கூடுதலாகவே தாங்கின. யார் கேட்கிறார்கள்? எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ. நீங்கள் காலமெல்லாம் மணல் லாரி ஓட்டியவர், உங்கள் பேச்சு எடுபடும். அவர்களிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.

அன்பு மகள்

மார்ச் 9

அன்பு மகளுக்கு,

அந்தப் புண்ணியவான் நான்தான். டீக்கடையில் சொன்னேன், லாரி சங்கத்தில் சொன்னேன். உன் கட்டடம் நன்றாக வந்துவிட்டால் நாளைக்கு எல்லாக் கட்டடத்துக்கும் அந்தக் கறுப்புப் பொடிதான். இப்போதே என் லாரிகள் சும்மா நிற்கின்றன. டிரைவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நீ இன்ஜினீயரிங் படித்தது எதை விற்று? ஆலைக்காரன் கொட்ட இடமில்லாமல் தவித்த குப்பைக்காகப் பெற்றவன் வாயில் மண் போடுகிறாய். அவ்வளவு நம்பிக்கை இருந்தால் நீயே போய் அங்கே குடியிரு.

அப்பா

பி.கு. குட்டிக்கு வெந்நீரே கொடு.

மார்ச் 16

அப்பா,

குடிவந்துவிட்டோம். தரைத்தளத்தில் மாடிப்படியை ஒட்டிய வீடு. உங்கள் மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டிலைத் தூக்கி வந்தார்.

நீங்கள் அள்ளிய இடத்தில் ஆறு பள்ளமாகி, பாலத்துத் தூணின் அடி வெளியே தெரிகிறது. நம் தெருக் கிணறுகள் வற்றிவிட்டன. உங்கள் சோற்றைத் தின்றவள் என்பதால் இதை ஒரு நாளும் உங்களிடம் நான் சொன்னதில்லை.

நேற்று ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து சுவரைத் தடவிப் பார்த்தாள். "வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த லாரிக்காரப் பெரியவர் பொய் சொல்ல மாட்டாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவர் என் அப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகள்

ஏப்ரல் 2

மகளுக்கு,

நேற்று சொல்லாமல் வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். சுத்தியலால் தூணை நாலு பக்கமும் தட்டினேன்; கணீரென்றது, ஒரு சில்லுகூடத் தெறிக்கவில்லை. காவல்காரன் வந்து விரட்டினான். மாப்பிள்ளை நாற்காலி போட்டார், நான் உட்காரவில்லை.

கட்டடத்தில் குறையில்லை. இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். வெளியே தெரிந்தால் சங்கத்தில் நான் தலைகாட்ட முடியாது. இதோடு விட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை குட்டியைக் கூட்டிக்கொண்டு வா, கண்ணிலேயே நிற்கிறாள்.

அப்பா

ஏப்ரல் 6

அப்பாவுக்கு,

எனக்கு எதற்குச் சொல்கிறீர்கள்? கட்டிகளை நசுக்கிப் பார்த்தவளே நான்தான். பொய்யை டீக்கடையில் நின்று உரக்கச் சொன்னீர்கள். உண்மையை மட்டும் உறைக்குள் ஒட்டி அனுப்புகிறீர்கள்.

போன வாரத்து மழையில் கொட்டகைகள் ஒழுகி, அந்தப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்தே இருந்தாளாம். இங்கே வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

அதே டீக்கடையில், அதே ஆட்களிடம் சொல்லுங்கள். அன்றைக்கே குட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதுவரை உங்கள் கடிதம் எதையும் பிரிக்க மாட்டேன்.

உங்கள் மகள்