கூரையில் மாட்டிக்கொண்ட அப்போலோ

கடிதம் எண் 9
ஏதென்ஸ், எலாபெபோலியோன் மாதம் பதினைந்தாம் நாள், சூரியன் உதித்து இரண்டாம் நாழிகை.

அன்புள்ள மெலித்தாவுக்கு,

உன் முழங்கால் வலி தணிந்ததா? அங்கே தாசோஸ் தீவில் குளிர் விட்டதா? நான் நலம்.

பன்னிரண்டாம் நாள் நாடகப் போட்டியில் ஒரு சிறு சங்கடம், கவலைப்படாதே. தாய் தன் மகனை வெட்ட வாளோங்கும்போது நான் பாரந்தூக்கியால் அப்போலோவை மேடைக் கூரைக்கு மேல் எழுப்ப வேண்டும். அவர், "இவனுக்கு விதி முடியவில்லை" என்று தடுக்க வேண்டும். நடிகரின் எடைக்குச் சரியாக ஒன்பதாம் நாளே எதிர்ப்பாரம் கட்டியிருந்தேன். நாடகத்தை எழுதிய கவிஞன் திமாண்டர் என்னிடம் சொல்லாமல் அவருக்கு வெண்கலக் கவசம் மாட்டிவிட்டான். எடை கூடி, கடவுளின் தலை மட்டுமே கூரைக்கு மேல் தெரிந்தது.

"யோவ் சாமி, சீக்கிரம் வாய்யா! அந்தம்மாவுக்குக் கை வலிக்குது!" என்று கூட்டம் கத்தியது. நாடகத்துக்குக் கடைசி இடம்.

"எல்லாம் விதி, பெரியவரே" என்றான் திமாண்டர் என்னிடம். விழா அதிகாரியிடமோ, "கெழவனுக்குக் கை நடுங்குது, அதான் சாமி வரல" என்றிருக்கிறான். இனிக் கயிற்றைத் தொடக்கூடாதென எனக்கு உத்தரவு.

"கவசத்த மாட்டுனது விதியாடா, நீயாடா?" என்று கேட்டேன். சிரித்தான், அயோக்கியன்.

விழாக் குறைகளை விசாரிக்கும் சபை பதினேழாம் நாள் கூடுகிறது. அங்கே கவசத்தைத் தராசில் ஏற்றுவேன். அப்போலோ அவனை மன்னிக்கலாம், நான் மன்னிக்கமாட்டேன்.

கம்பளிக் காலுறையும் நீ ஊறவைத்த ஆலிவும் அனுப்பு. தனியாகத்தான் உண்கிறேன், சிறு ஜாடி போதும். கப்பல்காரன் அவசரப்படுத்துகிறான்.

உன் கணவன்,
எவாண்டர்

இணைப்பு:
1. சபைக்கு நான் எழுதிய முறையீட்டின் நகல்.
2. காலுறைக்கு என் பாதத்தை அளந்த நூல்.
3. ஊரார் என் கையைப் பற்றிக் கேட்டால் காட்டுவதற்கு, அளவுகோல் இல்லாமல் இன்று நான் வரைந்த ஒரு முழ நீளக் கோடு.