மதிலுக்கு வெளியே ஒரு குழாய்

லாச்சப்பல், பாரிஸ்
02.02.2025

அன்புத் தங்கச்சி கஜந்தினிக்கு,

குளிரைத் தவிர இங்கே குறையொன்றும் இல்லை. உன் மச்சாள் அஜந்தாவும் நானும் சுகம். நம் ஊர்க் கோயிலில் எங்கள் பாரிஸ் ஊர்ச் சங்கம் கட்டிய தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, பணம் தந்த இங்குள்ள நகரசபை அத்தாட்சி கேட்கிறது. 'எல்லோருக்கும் தூய குடிநீர்' என்ற ஐ.நா. இலக்கு எங்கள் ஊரில் நிறைவேறிவிட்டது என்று படிவத்தில் எழுதியிருக்கிறேன். ஊரில் தாய் சேய் நலம் பார்க்கும் குடும்பநல மாது நீதானே, கையொப்பம் வைத்து அனுப்பு. ஜூன் முப்பதுக்குள் வந்தால்தான் பக்கத்து ஊருக்கும் நிலையம் கட்ட உதவி கிடைக்கும்.

அண்ணை,
கார்த்திகேயன்

ஆலங்கரை
26.02.2025

அன்புள்ள அண்ணை,

தொலைபேசியில் சொன்னால் கத்துவீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் கையொப்பம் வைக்கவில்லை.

தண்ணீரில் குறை இல்லை. பிள்ளைகளின் வயிற்றோட்டம் பாதியாய்க் குறைந்துவிட்டது, உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் குழாயைக் கோயில் மதிலுக்குள் வைத்துவிட்டீர்களே! பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டென்று அந்த வீட்டார் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். நல்ல தண்ணீர் அவர்களுக்குத்தானே முதலில் வேண்டும்? அயலவர் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. போன கிழமை பிள்ளை பெற்ற மிருணாளினி பச்சை உடம்போடு உவர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாள். இதைப் பார்த்துக்கொண்டு 'எல்லோருக்கும்' என்று எப்படி எழுதுவேன்?

உங்கள் பொல்லாத தங்கச்சி,
கஜந்தினி

லாச்சப்பல்
20.03.2025

தங்கச்சி,

முதலில் கோபம்தான் வந்தது. கடிதத்தை அஜந்தாவிடம் காட்டினேன். "ஓம், பொம்பிளையள் எங்களிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றாள்.

இங்கே ரூ பெர்தொனே தெருவில் சங்கக் கூட்டம் கூடினோம், பதினொரு ஆண்கள். துடக்கு வராத வீடு எங்களில் யாருக்கு இருக்கிறது? நிலையம் கட்டும்போது ஒருவருக்கும் அது உறைக்கவில்லை, வெட்கமாய் இருந்தது. பொன்னம்பலம் அண்ணைதான் கடைசியில், "குழாயை றோட்டுக்கு இழுங்கோ, சாமி கோவிக்காது" என்றார்.

படிவத்தை நீயே வைத்திரு. நாள் கடந்தால் கடக்கட்டும். பொய்க்குக் கையொப்பம் வேண்டாம்.

கார்த்திகேயன்

ஆலங்கரை
09.06.2025

என் அண்ணைக்கு,

கோயில்காரர் இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். நானும் விடவில்லை. போன வாரம் குழாய் தெருவுக்கு வந்துவிட்டது.

நேற்று அயல்வீட்டு லவனுக்கு மகள் பிறந்தாள். இன்று காலை அவன் குடத்தோடு வந்து வரிசையில் நின்றான். "முதல் நீ பிடி" என்று பெண்கள் விலகி வழிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணை. வீட்டுக்கு வந்ததும் கையொப்பம் வைத்தேன். படிவம் இதோடு வருகிறது.

பக்கத்து ஊரில் குழாயை எங்கே வைப்பதென்று அங்குள்ள பெண்களை நானே போய்க் கேட்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு மச்சாளையும் கூட்டிக்கொண்டு போங்கள், தேத்தண்ணி ஊற்ற அல்ல.

கஜந்தினி