பீலிக் குழாயின் வாய்

செவ்வாய்க்கிழமை. மாரி மழை, மூன்றாம் நாள்.

இன்று காலை பத்து மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பின், எங்கள் கூரைப் பீலிக் குழாயின் வாயைக் கிழக்கிலிருந்து தெற்குக்குத் திருப்பினேன். ஆலோசனையில் நான் மட்டுமே கலந்துகொண்டேன். கிழக்கு மூலையில்தான் எனக்கென்று ஒரு புத்தக அறை கட்டப்போகிறேன். அத்திவாரத்துக்குக் கருங்கல்லும் இறக்கியாயிற்று. அங்கே தண்ணீர் தேங்குவது நல்லதல்ல. தெற்கே மனைவியின் தங்கை வீடு இருக்கிறது.

அஸர் தொழுகைக்குப் பிறகு, குடை பிடித்து, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, தங்கையின் கணவர் வந்தார்.

"மச்சான், உங்கட கூரைத் தண்ணி எங்கட குசினிக்குள்ள, அடுப்படி வரைக்கும் நிக்கிது."

"மழை அல்லாஹ்ட அருள், ரஹ்மத்துத்தானே, மச்சான்."

"ஓம். அந்த ரஹ்மத்த உங்கட வளவுக்குள்ளயே வெச்சிக்கங்க."

வளவின் எல்லை உரிமை பற்றி இருவரும் அரைமணி நேரம் உரத்துக் கதைத்தோம். சத்தம் கேட்டு என் மனைவி வெளியே வந்தாள். வேலிக்கு அப்பால் தங்கையும் வந்து நின்றாள்.

"இது எங்கட வாப்பா எங்களுக்குச் சீதனமாப் பிரிச்சுத் தந்த வளவு," என்றாள் மனைவி. "நீங்க ரெண்டு பேரும் கலியாணம் முடிச்சு வந்த ஆக்கள். ஒரு பக்கமா நில்லுங்க."

"ராத்தா, உங்கட கிழக்கு மூலைல ஒரு குழி வெட்டுவம்," என்றாள் தங்கை. "ரெண்டு வீட்டுத் தண்ணியும் அதுக்குள்ள விழுந்து மண்ணுக்குள்ள இறங்கிரும்."

நாங்கள் ஒரு பக்கமாக நின்றோம்.

மழை விட்டதும் குழி வெட்டுகிறார்கள். அதைக் கல்லால் நிரப்ப வேண்டுமாம். நான் இறக்கி வைத்த கருங்கல் சரியாகப் போதும்.