அக்காவிடம் காட்டிய பொறுமை

ஜூன் 3
பக்கவாதத்தில் அக்காவின் பேச்சு போன பிறகு, இன்றுதான் முதல்முறையாகப் பட அட்டைகளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பேச்சிழந்தவர்களோடும் மறதி நோயாளிகளோடும் வீட்டார் எப்படிப் பேச வேண்டும் என்பதுதான் என் ஆராய்ச்சி. திருத்தாதே, அவசரப்படுத்தாதே, காத்திரு - ஊருக்கு நான் செய்யும் உபதேசம் இதுதான். சீப்புப் படத்தைக் காட்டிவிட்டுக் காத்திருந்தேன். அக்கா சீப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

ஜூன் 5
கவிழ்த்தாள்.

ஜூன் 9
அத்தான் வாசல்வரை வந்தார். "தப்பா நினைக்காதம்மா. நீ வர்ற அன்னைக்கு அவ சாப்பிடக்கூட மாட்டேங்கிறா. நிறுத்திடலாமா?"

நிறுத்துவதா? வாயே திறக்காமல் விட்டால் இருக்கிற கொஞ்சநஞ்சமும் போய்விடும். இதை அவரிடம் நிதானமாகச் சொல்லி, இந்த வாரம் மட்டும் அவகாசம் கேட்டு வாங்கினேன். பிறகு பஸ்ஸில் அழுதேன். அது நிதானமாக இல்லை.

ஜூன் 11
மறதி நோயாளிகளின் குடும்பத்தாருக்கு வகுப்பு. மறதி வந்த தபால்காரர் ஒருவரின் மனைவி எழுந்தார். "நீங்க சொன்ன மாதிரியே பொறுமையா பேசினேன் மேடம். அவரு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, 'நீங்க யாருங்க, என் பொண்டாட்டி எங்க? அவ திட்டுவாளே'ன்னு கேக்கறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

நானும் அக்காவும் சின்ன வயதிலிருந்தே எலியும் பூனையும். பொறுமையாக நான் பேசினால் அவளுக்கு என்ன தோன்றும்? 'இனி நீ அவ்வளவுதான்' என்று சொல்வதுபோல் இருந்திருக்காதா?

ஜூன் 12
அட்டைகளை வெளியே எடுக்கவில்லை. "வீடா இது, குப்பைத்தொட்டி" என்று வேண்டுமென்றே வம்புக்கிழுத்தேன். அக்கா கொட்டாவி விட்டாள். என் நடிப்பு அப்படி.

கிளம்பும்போது அலமாரி திறந்திருந்தது. உள்ளே என் நீலச் சால்வை. வருஷக்கணக்காக நான் தேடிய சால்வை. பார்க்கவே இல்லை என்று அவள் சத்தியம் செய்த சால்வை.

"திருடி. எனக்கு அப்பவே தெரியும்டி, நீதான் எடுத்திருப்பேன்னு."

"போடி. பெரிய இவ" என்றாள் அக்கா. தெளிவாக.

அத்தான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

திட்டு பழக்கத்தில் தானாக வரும், அதனால் பேச்சு திரும்பிவிட்டதாக அர்த்தமில்லை. எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன். இருந்தும் சந்தோஷம் தாங்கவில்லை. சால்வையைக் கேட்டேன். தரவில்லை.

ஜூன் 30
போகிற நாளெல்லாம் சால்வைச் சண்டை. நடுநடுவே புதுச் சொற்கள் வருகின்றன. சண்டை முடிந்ததும் அக்கா நன்றாகச் சாப்பிடுகிறாளாம். என் பேராசிரியர், "இது என்ன முறை?" என்று கேட்டார். குடும்ப முறை என்றேன்.

ஆகஸ்ட் 8
இன்று போகத் தாமதமாகிவிட்டது. கதவைத் திறந்த அக்கா, "ஏன்..." என்றாள். அடுத்த சொல்லைத் தேடினாள். நான் எங்கே காத்திருந்தேன்? பஸ், மழை என்று ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா கையை உயர்த்தினாள்.

"இரு. நான்... பேசறேன்."

வாயை மூடிக்கொண்டேன்.